அடிக்காமல் திருத்த முடியுமா? சிறார் சிறைகளின் கதவைத் திறந்த ஆகஸ்ட் ஐக்ஹார்ன் யார்?

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்க. நம்ம ஊரில் இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பையன் கடையில் திருடிவிட்டான், வீட்டை விட்டு ஓடிவிட்டான், எதிர்த்துப் பேசுகிறான் என்றால் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

நூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவிலும் இதே நிலைமைதான். தப்பு செய்த சிறுவர்களுக்கு ஜெயில் அல்லது சீர்திருத்தப் பள்ளி. உள்ளே ராணுவ ஒழுங்கு, பிரம்படி, தனியறை. அங்கிருந்து வெளியே வந்த பலர் அதே தப்பைத் திரும்பச் செய்தார்கள். அடி போதவில்லை என்று முடிவு செய்த அதிகாரிகள் இன்னும் கொஞ்சம் அடித்தார்கள்.

அந்தக் காலத்தில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் நேர் எதிர்த்திசையில் நடந்தார். யாராலும் அடக்க முடியாத பையன்களை ஒரே கட்டடத்தில் சேர்த்து, அவர்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். அவர்களின் அப்பா, அம்மாவை அழைத்துப் பேசினார். சிறைக்குப் போகும் இளைஞர்களுக்கு இன்று குடும்ப சிகிச்சை, சுயமதிப்பை வளர்க்கும் பயிற்சி என்றெல்லாம் பேசுகிறோமே, அதற்கான அடித்தளங்களில் ஒன்றைப் போட்டவர் இவர். பெயர் ஆகஸ்ட் ஐக்ஹார்ன்.

யார் இந்த ஐக்ஹார்ன்?

1878-ம் ஆண்டு ஜூலை 27 அன்று வியன்னாவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே நகரின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மனநலத் துறைக்கும் அவருக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. கரும்பலகை, வருகைப் பதிவேடு, கடைசி பெஞ்ச் பையன்கள். அவ்வளவுதான் அவருடைய உலகம்.

முதல் மோதல் 1907 வாக்கில் வந்தது. பள்ளி முடிந்த பிறகு சிறுவர்கள் நேரம் கழிப்பதற்கான காப்பகங்களை ராணுவப் பாணியில் நடத்தும் திட்டம் வியன்னாவில் அறிமுகமானது. அணிவகுப்பு, கட்டளை, சல்யூட் எல்லாம் அதில் உண்டு. ஐக்ஹார்ன் அதைக் கடுமையாக எதிர்த்தார். குழந்தைகளைச் சிப்பாய்களாக்குவது வளர்ப்பு ஆகாது என்பது அவருடைய வாதம். அந்தப் போராட்டத்தில் அவர் பக்கம் வென்றது. சிறுவர் காப்பகங்களுக்கான புதிய அமைப்பின் பொறுப்பு அவரிடமே வந்தது. அந்த வேலையில் முதல் உலகப் போர் முடியும் வரை இருந்தார்.

1918-ல் என்ன நடந்தது?

போர் முடிந்தபோது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யம் இல்லாமல் போயிருந்தது. வியன்னாவில் பசி. அப்பாக்கள் பலர் போர்முனையில் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு திரும்பியவர்களில் பலருக்கு வேலை இல்லை. அம்மாக்கள் ரேஷன் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். நிலக்கரி, ரொட்டி, பர்ஸ் என்று கைக்குக் கிடைத்ததைத் திருடும் சிறுவர் கூட்டம் நகரத்துக்குப் பெரிய தலைவலியானது.

இவர்களுக்காக நகர நிர்வாகம் ஒரு இல்லம் திறக்க முடிவு செய்தது. இடம், வியன்னாவிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் இருந்த ஓபர்ஹொல்லாபிரன். போர்க்கால அகதிகளுக்காகக் கட்டப்பட்ட மரக் கொட்டகைகள் அங்கே காலியாகக் கிடந்தன. அதை நடத்த ஐக்ஹார்னை அழைத்தார்கள்.

அவர் முதலில் கவனித்தது கட்டடத்தை. பழைய சீர்திருத்தப் பள்ளிகள் கோட்டை மாதிரி இருக்கும். உயர்ந்த சுவர், பூட்டு, ஜன்னல் கம்பி. இங்கே கொட்டகைகள் திறந்த வெளியில் பரவிக் கிடந்தன. அதுவே நல்லது என்று அவர் நினைத்தார். வெளியுலகத்தோடு ஒத்து வாழ முடியாமல்தான் இந்தப் பிள்ளைகள் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களை வெளியுலகத்தின் சாயலே இல்லாத இடத்தில் வைத்து எப்படித் தயார்ப்படுத்த முடியும்?

பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது என்பது அடுத்த கேள்வி. செய்த குற்றத்தை வைத்துப் பிரிப்பதுதான் வழக்கம். ஐக்ஹார்ன் சுபாவத்தை வைத்துப் பிரித்தார். யார் யாரோடு சேர்ந்தால் ஒருவரை ஒருவர் கெடுக்காமல் இருப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துக் குழு அமைத்தார். வியன்னா குழந்தைகள் மருத்துவமனையில் சிறப்புக் கல்விப் பிரிவை நடத்திய டாக்டர் எர்வின் லாசர் இதில் அவருக்குத் துணையாக இருந்தார்.

அந்த 12 பையன்கள்

எல்லாரையும் குழுக்களில் சேர்த்தாயிற்று. கடைசியில் எந்தக் குழுவிலும் வைக்க முடியாத 12 பேர் மிஞ்சினார்கள். சாப்பாட்டு மேசையில் கத்தியை வீசுவார்கள், தட்டை எறிவார்கள், சின்னப் பையன்களை அடிப்பார்கள். எந்த ஆசிரியரும் அவர்களை ஏற்கத் தயாராக இல்லை.

அவர்களின் பின்னணியை ஐக்ஹார்ன் அலசினார். எல்லாரிடமும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. அன்பு காட்ட யாரும் இல்லாமல், கொடூரமாக அடிபட்டு வளர்ந்தவர்கள். அடிதான் மருந்து என்றால் இவர்கள் எப்போதோ குணமாகியிருக்க வேண்டும்.

இந்த 12 பேரையும் ஒரே குழுவாக்கித் தானே பொறுப்பேற்றார். இரண்டு பெண் ஊழியர்கள் உடன் வந்தார்கள். வைத்துக்கொண்ட விதிகள் எளியவை. கண்டிப்பு கிடையாது, தண்டனை கிடையாது. விளையாட்டும் வேலையும் எப்போதும் உண்டு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் தலையிடலாம்.

உடனே எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிட்டார்களா? இல்லை. நிலைமை இன்னும் மோசமானது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. கதவுகளை உதைத்து உடைத்தார்கள். ஊழியர்கள் களைத்துப்போய் நிலைகுலையும் கட்டத்துக்கு வந்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்று அக்கம்பக்கத்தினர் பேசினார்கள். ஐக்ஹார்ன் அசையவில்லை.

பையன்கள் தன்னைச் சோதிக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. பெரியவர்கள் என்றால் கடைசியில் அடிக்கத்தான் செய்வார்கள் என்பது அவர்கள் வாழ்க்கையில் கற்ற ஒரே பாடம். இந்த மனிதரும் எப்போது அடிப்பார் என்று காத்திருந்தார்கள். அடி விழுந்துவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. உலகம் தாங்கள் நினைத்த மாதிரியே இருக்கிறது என்று மறுபடி கோபத்துக்குள் போய்விடலாம். அந்த வாய்ப்பை அவர் கொடுக்கவில்லை.

ஒரு நாள் அவர் கண் முன்னாலேயே ஒரு பையன் ரொட்டி வெட்டும் கத்தியை இன்னொருவன் கழுத்தில் வைத்துக் குத்திவிடுவேன் என்று கத்தினான். ஐக்ஹார்ன் பதறவில்லை. அது நிஜமான வெறி இல்லை, தனக்காகப் போடும் நாடகம் என்று கணித்துப் பேசாமல் நின்றார். பையன் கத்தியை எறிந்துவிட்டுத் தரையை உதைத்தான், கத்தினான், அழுதான். கடைசியில் களைத்துப்போய்த் தூங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு கோபம் அழுகையாக மாறத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் சமயத்தில் உடைந்து கிடந்த கொட்டகையிலிருந்து அவர்களைப் புதிதாகத் தயார் செய்த வீட்டுக்கு மாற்றினார்கள். விழா நடந்தது, பரிசுகள் கொடுத்தார்கள். அதிலிருந்து அந்தக் குழுவைச் சமாளிப்பது எளிதானது. வளர்ப்புக்குத் தேவையான கட்டுப்பாடுகளை அப்போதுதான் மெல்ல மெல்லக் கொண்டுவந்தார். பாசம் முதலில், ஒழுங்கு பிறகு. இதுதான் அவர் வைத்த வரிசை.

காணாமல் போன புகையிலைக் காசு

இன்னொரு சம்பவத்தை அவரே தன் புத்தகத்தில் விவரித்திருக்கிறார். கூடப் படித்தவர்களிடம் திருடியதால் ராணுவப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட 18 வயது இளைஞன் ஒருவன். வீட்டிலும் திருடியிருந்தான். இல்லத்துக்கு வந்து சில மாதங்கள் ஆன பிறகு, ஊழியர்களுக்கான புகையிலைக் கணக்கை ஐக்ஹார்ன் வேண்டுமென்றே அவனிடம் கொடுத்தார். பணம் குறைந்தால் தனக்கு மட்டும் சத்தமில்லாமல் சொல்லும்படி காசாளரிடம் சொல்லிவைத்தார்.

நான்கு வாரத்தில் பணம் குறைந்தது.

அவனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. புத்தக அலமாரியைத் தூசி தட்டி அடுக்க உதவி வேண்டும் என்று அழைத்தார். வேலை நடக்க நடக்க, பேச்சு புகையிலைக் கணக்குப் பக்கம் போனது. வாரத்துக்கு எவ்வளவு வசூல், எப்போது கணக்கு முடிப்பாய் என்று சாதாரணமாகக் கேட்டார். பையனுக்குப் பதற்றம் ஏறியது. ஒரு கட்டத்தில் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. அப்போதுதான், பணம் குறைவது தனக்குத் தெரியும் என்று சொன்னார். குறைந்த பணத்தைத் தன் பையிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்து அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பி வந்தான். பணத்தை மேசையில் வைத்தான். தன்னைப் பூட்டி வைக்கும்படி கேட்டு அழுதான். தான் இந்த உதவிக்குத் தகுதியில்லாதவன், மறுபடியும் திருடத்தான் போகிறேன் என்றான்.

இந்த இடம் முக்கியம். தண்டனையை அவன் தாங்கிக்கொண்டிருப்பான், அது அவனுக்குப் பழக்கம். தன்னை ஒருவர் நம்புவதைத்தான் தாங்க முடியவில்லை. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. இன்றைய மொழியில் இதைச் சுயமதிப்புக் குறைவு என்கிறோம். அந்த அழுகைக்குப் பிறகுதான் அவன் தன் வீட்டைப் பற்றி, அப்பாவைப் பற்றி மனம் விட்டுப் பேசினான். ஐக்ஹார்ன் பணத்தை மறுபடி அவனிடமே கொடுத்தார். பிற்பாடு அவன் அதைத் திருப்பிக் கட்டினான்.

திருட்டு, காய்ச்சல் மாதிரி

இந்த அனுபவங்களிலிருந்து ஐக்ஹார்ன் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். எளிமையாகச் சொன்னால் இப்படி.

திருட்டு, ஓடிப்போவது, அடிதடி எல்லாம் வெளியே தெரியும் அறிகுறிகள். காய்ச்சல் மாதிரி. காய்ச்சலை மட்டும் அமுக்கினால் உள்ளே இருக்கும் நோய் வேறு வழியில் வெளிவரும். அடிக்குப் பயந்து திருட்டை நிறுத்தும் பையன் குணமாகிவிட்டான் என்று அர்த்தமில்லை. நோய் பதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பதுங்கியிருக்கும் அந்த நிலையை அவர் தனியாகப் பெயரிட்டு விளக்கினார்.

அப்படியென்றால் நோய் எங்கே தொடங்குகிறது? வீட்டில். ஒரு குழந்தை நினைத்தது உடனே நடக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படும். அதைத் தள்ளிப்போடவும் விட்டுக்கொடுக்கவும் கற்பது யாருக்காக? தன்மேல் பாசமாக இருக்கும் அப்பா, அம்மாவுக்காக. அவர்கள் மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசையில்தான் மனசாட்சி உருவாகிறது. அந்தப் பாசம் கிடைக்காவிட்டால், அல்லது அந்தப் பெரியவரே நம்ப முடியாதவராக இருந்தால், குழந்தை யாரைப் பார்த்து வளரும்?

இதில் ஏழை வீடு, பணக்கார வீடு என்ற பேதம் இல்லை. அளவுக்கு மீறிய கண்டிப்பு ஒரு பக்கம். எது கேட்டாலும் உடனே வாங்கிக் கொடுத்து, எந்த ஏமாற்றத்தையும் சந்திக்க விடாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பது இன்னொரு பக்கம். அப்பா அடிக்க, அம்மா ரகசியமாகச் செல்லம் கொடுக்கும் வீடுகளும் உண்டு. எல்லா வழிகளும் ஒரே இடத்தில் போய் முடியலாம் என்று அவர் எச்சரித்தார்.

இல்லத்திலிருந்து வீட்டுக்கு

ஓபர்ஹொல்லாபிரன் இல்லம் பின்னர் சாங்க்ட் ஆண்ட்ரே என்ற ஊருக்கு மாறியது. 1920-களின் தொடக்கத்திலேயே அதுவும் மூடப்பட்டது. ஐக்ஹார்னின் புகழ்பெற்ற பரிசோதனை மொத்தமாகச் சில வருடங்கள்தான் நடந்தது.

அவரோ அடுத்த படிக்குத் தயாராக இருந்தார். பையன்களின் மனதைப் புரிந்துகொள்ள உதவும் கோட்பாட்டைத் தேடியவர், சிக்மண்ட் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வுக்கு வந்து சேர்ந்தார். 1922-ல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் உறுப்பினரானார். வயது 44. ஃப்ராய்டின் மகள் அன்னா அவருக்கு நண்பரானார். நகரின் சிறுவர் நல அமைப்புகளை ஐக்ஹார்ன்தான் அவருக்குச் சுற்றிக் காட்டினார்.

அப்போது வியன்னாவை ஆண்டது சமூக ஜனநாயகக் கட்சி. ஏழைகளுக்கு வீடு, குழந்தைகளுக்கு மருத்துவம் என்று நகராட்சி நிறையச் செலவு செய்த காலம். நகரின் பல வட்டாரங்களில் குழந்தை வளர்ப்பு ஆலோசனை மையங்களை அமைக்கும் பொறுப்பு ஐக்ஹார்னுக்குக் கிடைத்தது. 1930-ல் ஓய்வு பெறும் வரை இந்த வேலையைச் செய்தார். பையன் போலீஸிடம் போவதற்கு முன்பே குடும்பத்தைச் சந்திக்கும் வாய்ப்பு இது.

அவர் வேலை செய்த விதம் இன்றைய கவுன்சலர்களுக்கும் பாடம். பெற்றோரையும் பையனையும் முதலில் தனித்தனியாகப் பார்ப்பார். அம்மா புகார்ப் பட்டியலோடு வருவார். முழுசாகக் கேட்பார், குறுக்கே பேச மாட்டார். ஆனால் அது ஒரு தரப்புக் கதைதான் என்பதை மறக்க மாட்டார். அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை, இந்தப் பையன் யாருடைய கோபத்துக்கு வடிகாலாக இருக்கிறான் என்று கவனிப்பார்.

பையன் உள்ளே வரும்போது இன்னொரு போலீஸ்காரரைத்தான் எதிர்பார்த்து வருவான். ஐக்ஹார்ன் தான் போலீஸ் இல்லை என்று சொல்லிவிடுவார். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்பார். செய்த தப்பைப் பற்றிய பேச்சையே எடுக்காமல் விளையாட்டு, வேலை, நண்பர்கள் என்று பேச்சு போகும். பையன் அவரைத் தன் பக்கத்து ஆளாக உணர்ந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும்.

இந்த அனுபவங்களைத் தொகுத்து 1925-ல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். கைவிடப்பட்டு வழிதவறிய இளைஞர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். பத்து சொற்பொழிவுகள் கொண்ட அந்த நூலுக்கு ஃப்ராய்டே முன்னுரை எழுதினார். 1935-ல் ஆங்கிலத்தில் வந்த பிறகு, சிறார் குற்றம் பற்றிப் படிப்பவர்களுக்கு அது அடிப்படை நூலானது.

பந்தாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சுயமதிப்பு என்றதும், தன்னம்பிக்கை ஊட்டினால் போதும், பையன் சரியாகிவிடுவான் என்று நினைக்கத் தோன்றும். ஐக்ஹார்ன் இதை அவ்வளவு எளிதாகப் பார்க்கவில்லை. அவரிடம் வந்தவர்களில் பொய்யான பெயர், பொய்யான பதவி சொல்லி ஊரையே ஏமாற்றும் இளம் மோசடிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களிடம் தன்னம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. பார்த்தால் ராஜா மாதிரி இருப்பார்கள். யாரையும் மதிக்க மாட்டார்கள், யார்மேலும் பாசம் வைக்க மாட்டார்கள். அதனால் சாதாரண அன்பு அவர்களிடம் எடுபடாது.

இந்த வகை இளைஞர்களைப் பற்றி 1936-ல் தனிக் கட்டுரை எழுதினார். அந்தப் பந்தாவை உடைக்க முயலக் கூடாது. முதலில் அவன் வியந்து பார்க்கும் ஆளாக நாம் மாற வேண்டும். அவனுடைய தந்திரங்கள் எல்லாம் தெரிந்த, அவனைவிடக் கெட்டிக்காரரான ஒருவர். அப்படி ஒருவரைத் தன் லட்சியமாக அவன் ஏற்றுக்கொண்டால், உறவு என்ற ஒன்று முதல்முறையாக அவனுக்குள் நுழையும். அதன் பிறகு மெதுவாக அவனை மாற்றலாம்.

அந்தக் காலத்தில் இதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஐக்ஹார்னிடம் சிகிச்சைக்கு வந்துபோன ஒரு மருத்துவ மாணவர் இருந்தார். பெயர் ஹைன்ஸ் கோஹுட். யூதரான அவர் 1939-ல் வியன்னாவை விட்டுத் தப்பினார். பின்னாளில் சிகாகோவில், சுயம் எப்படி உருவாகிறது, சுயமதிப்பு எப்படிச் சிதைகிறது என்பதையே மையமாக வைத்து ஒரு புதிய உளவியல் பிரிவை உருவாக்கினார். அதன் வேர்களில் ஒன்று ஐக்ஹார்னின் ஆலோசனை அறையில் இருக்கிறது.

சொந்த மகன் சிறையில்

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. உளப்பகுப்பாய்வுச் சங்கம் கலைக்கப்பட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் யூதர்கள். ஜூன் மாதம் ஃப்ராய்டு குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார். ஏறக்குறைய எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஐக்ஹார்ன் போகவில்லை.

அவர் யூதர் இல்லை என்பதால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் அவருடைய மகனை அரசியல் காரணங்களுக்காக நாஜிகள் கைது செய்து, டாஹாவ் வதைமுகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் வியன்னாவிலேயே தங்கியதற்கு இது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இருபது வருடங்களாக மற்றவர்களின் பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தவர், இப்போது தன் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அப்பா. மகன் பிறகு விடுவிக்கப்பட்டார்.

அடுத்த வருடங்களைப் பற்றி எழுதும்போது மழுப்ப முடியாது. நாஜி ஆட்சியில் உளசிகிச்சையை ஒரே ஒரு அரசு ஆதரவு நிறுவனம்தான் கட்டுப்படுத்தியது. அதன் தலைவர், ஹெர்மன் கோரிங்கின் உறவினரான மத்தியாஸ் கோரிங். அதன் வியன்னா கிளைக்குள் இருந்தபடிதான் ஐக்ஹார்ன் வேலை செய்தார். வெளியே அரசு அங்கீகாரம், உள்ளே ஒரு சின்னக் குழுவுக்கு ஃப்ராய்டின் முறையில் பயிற்சி. பிழைப்பதற்கான சமரசமா, ஒரு துறையைக் காப்பாற்றிய துணிச்சலா? இரண்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே நகரத்தில், அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1940-ல் ஆம் ஷ்பீகல்கிரண்ட் என்ற மருத்துவமனை வளாகம் திறக்கப்பட்டது. உடல், மனக் குறைபாடு உள்ள குழந்தைகளோடு, வளர்க்கச் சிரமமானவர்கள், சமூகத்துக்கு ஒவ்வாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளும் அங்கே அடைக்கப்பட்டார்கள். 789 குழந்தைகள் அங்கே இறந்துபோனார்கள். பலர் திட்டமிட்டுக் கொல்லப்பட்டவர்கள். இருபது வருடங்களுக்கு முன்னால் ஐக்ஹார்ன் கிறிஸ்துமஸ் கொண்டாடியது இதே மாதிரி முத்திரை விழுந்த பையன்களோடுதான். ஒரு பிள்ளை திருந்தவே மாட்டான் என்று ஒரு அரசு முடிவு கட்டினால், அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

போருக்குப் பிறகு

1946-ல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கம் மறுபடி திறக்கப்பட்டது. தலைவர் ஐக்ஹார்ன். சங்கத்தின் பழைய நண்பர்களில் பெரும்பாலானோர் உலகம் முழுக்கச் சிதறிப்போயிருந்தார்கள். அவருடைய 70-வது பிறந்தநாளை ஒட்டி, கூட வேலை செய்தவர்களும் மாணவர்களும் சிறார் குற்றம் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து அவருக்குக் காணிக்கையாக்கினார்கள். 1949-ல் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று அவர் காலமானார்.

இன்றைய குடும்ப சிகிச்சைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

அவரிடம் பயின்ற ஃப்ரிட்ஸ் ரெடல் அமெரிக்கா போனார். கட்டுக்கடங்காத கோபம் கொண்ட சிறுவர்களுக்காக 1946-ல் டெட்ராய்ட்டில் ஒரு சின்ன இல்லம் தொடங்கினார். ஓபர்ஹொல்லாபிரனின் வாசனை அதில் இருந்தது.

ஐக்ஹார்ன் விட்டுப்போன கேள்வி ஒன்று உண்டு. இல்லத்தில் மாறும் பையன் அதே வீட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும்? 1960-களில் நியூயார்க்கின் வில்ட்விக் பள்ளியில் வேலை செய்த சால்வடார் மினுச்சின் இதே சுவரில் முட்டிக்கொண்டார். பள்ளியில் நன்றாக இருந்த பையன்கள், வீடு திரும்பியதும் பழைய நிலைக்கே போனார்கள். அதனால் பையனைத் தனியாகப் பார்ப்பதைவிட்டு, அம்மா, பாட்டி, தம்பி, தங்கை என்று குடும்பத்தையே அறைக்குள் அழைத்தார். 1967-ல் வந்த அவருடைய குழுவின் நூல், குடும்ப சிகிச்சை வரலாற்றில் ஒரு மைல்கல்.

அதே காலத்தில் வர்ஜீனியா சாட்டிர், ஒவ்வொருவரின் சுயமதிப்பும் குடும்பத்துக்குள் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் தன் சிகிச்சையின் மையமாக வைத்தார். 1970-களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், குற்றத்தில் சிக்கிய இளைஞர்களுக்கென்றே ஒரு குடும்ப சிகிச்சை முறை உருவானது. அதன் முதல் வேலையே, குடும்பத்தில் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடுவதைக் குறைப்பதுதான். எல்லாம் உன்னால்தான் என்று பேசிக்கொண்டிருக்கும் வீட்டில், எந்த அறிவுரையும் இறங்காது.

இவர்கள் எல்லாரும் ஐக்ஹார்னின் நேரடிச் சீடர்கள் இல்லை. ஆனால் அவர் 1920-களில் வியன்னா ஆலோசனை மையங்களில் எந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாரோ, அதே கேள்வியிலிருந்துதான் இவர்களும் தொடங்கினார்கள்.

குறையே இல்லையா?

இருக்கிறது. ஐக்ஹார்னின் வெற்றிகள் அவருடைய தனிப்பட்ட திறமையை நம்பியிருந்தன. கத்தி கழுத்தில் இருக்கும்போது அது நாடகம் என்று கணிக்க எல்லாராலும் முடியாது. அந்தக் கணிப்பு ஒரு முறை தவறினாலும் ஓர் உயிர் போயிருக்கும். பையனின் மனதில் இடம்பிடிக்க அவர் போட்ட உத்திகளில் கொஞ்சம் சூழ்ச்சியும் இருந்தது. புகையிலைக் கணக்கு விஷயத்தில் திருட்டுக்கு வழி திறந்துவிட்டதே அவர்தானே என்று இன்று யாரும் கேட்கலாம். இரண்டு குழுக்களை ஒப்பிட்டு, எண்களை வைத்து நிரூபிக்கும் ஆய்வுமுறையும் அவரிடம் இல்லை. அதையெல்லாம் பின்னால் வந்தவர்கள்தான் செய்தார்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தை அவர் தன் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொன்னார். தன்மேலே மதிப்பில்லாத பையனுக்கு இழக்க எதுவும் இல்லை. இழக்க எதுவும் இல்லாதவனைத் தண்டனையால் பயமுறுத்த முடியாது. யாராவது ஒருவர், அது அப்பாவோ, அம்மாவோ, அண்ணனோ, இல்லத்து வார்டனோ, அவன் போனால் தனக்கு நஷ்டம் என்று அவனுக்குப் புரியவைக்க வேண்டும். சட்டத்துக்கும் ஒழுங்குக்கும் காது கொடுக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைப்பது அப்போதுதான்.